1 ஹெர்ட்ஸ் ஸ்டெப் எதுக்குங்க?

திருப்பூர்ல நிட்டிங் மெஷின் ஸ்பீடைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர்தான். அதை ப்ராஜெக்ட்டா எடுக்குற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டிரான்சியன்ட் ஓடவிட்டு அலை அடங்குற வரைக்கும் டீ குடிக்கறதைவிட, பி.எஸ்.எஸ். அனாலிசிஸ் மேல். ஒரு பீரியட் முடிவுல கெப்பாசிட்டர் வோல்டேஜும் சோக் கரண்ட்டும் ஆரம்பிச்ச அளவுக்கே திரும்பணும். அப்படியொரு ஆரம்பத்தை அது நேரா தேடிப் பிடிக்கும்.

சரி, எது அந்த ஒரு பீரியட்? லைன் 50 ஹெர்ட்ஸ், மோட்டாருக்குப் போறது 40னா, ரெண்டுக்கும் பொது 10 ஹெர்ட்ஸ், அதாவது 100 மில்லிசெகண்ட். 40ஐ 37 ஆக்குங்க, பொது 1 ஹெர்ட்ஸ். முழுசா ஒரு செகண்ட், பத்து மடங்கு வேலை! (கேரியர் 4 கிலோஹெர்ட்ஸ்னா ரெண்டுக்குமே ஒத்துப்போகும்.) ஸ்பீடு மாறுறப்ப இந்தப் பொது பீரியடையும் மாத்தலைன்னா கன்வெர்ஜே ஆகாது.

அதனால 30லிருந்து 50 வரை 1 ஹெர்ட்ஸ் ஸ்டெப் வெட்டி வேலைங்கறது என் கட்சி. 5 போதும், 200 மில்லிசெகண்டைத் தாண்டாது. மிச்சமாகுற நேரத்துல இன்புட் சோக் மதிப்பை ஸ்வீப் பண்ணுங்க. பீரியட் மாறாததால போன பாயின்ட் விடையே அடுத்ததுக்கு நல்ல ஆரம்பம். 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ் பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரைச் சூடாக்குதான்னு அங்கதான் தெரியும். மில்காரர் காசு போட்டு வாங்கப்போறதும் அந்தச் சோக்கைத்தானே :-)