தோட்டத்துச் சுவரில் விளக்கு மாட்டப் போறீங்களா? எம்சிபி இருந்தால் மட்டும் போதாது!

பொதட்டூர்பேட்டையில் புது வீடு கட்டினால் கேட் தூணில் இரண்டு, தோட்டத்துச் சுவரில் நான்கு விளக்கு மாட்டாமல் விடுவதில்லை. விளக்கைத் தேர்ந்தெடுக்க திருத்தணி வரை போய் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், ஒயர் விஷயத்தில் மட்டும் ‘வீட்டுக்குப் போட்டதில் மிச்சம் இருக்கே’ என்று முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்குள் குழாயில் ஓடும் சாதாரண பிவிசி ஒயர் வெயிலுக்கானது அல்ல. சுவர்மேல் ஆணியடித்துக் கட்டினால், சில கோடையிலேயே உறை விறைத்து வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பிலும், டேப் சுற்றிய ஜாயின்ட்டிலும் தண்ணீர் இறங்கும். ஈரச் சுவரும் அதையொட்டிய இரும்பு கேட்டும் ஷாக் அடிக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைதான் அந்த கேட்டை முதலில் தொடும்.

‘அதான் எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகிடும்’ என்பார்கள். ஆகாது. 6 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால்தான் விழும். அது ஒயரைக் காப்பாற்ற வந்தது. மனித உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்குகூட போதும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். வாங்கும்போது 30 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள், அவை இதற்கு உதவாது. அதிலுள்ள ‘டி’ பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். பலர் வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள்.

மண்ணுக்கடியில் கொண்டுபோவதாக இருந்தால் ஆர்மர்டு கேபிள்தான். இரண்டரை அடி ஆழம், மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை. நாளை யாராவது வாழைக்குக் குழி வெட்டினால் கடப்பாரை முதலில் செங்கல்லில் இடிக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும், ஆனால் எர்த் உட்பட மூன்று கம்பி இருக்க வேண்டும். விளக்கில் ஐபி65 முத்திரை, ஒயர் நுழையும் வாய் கீழ்நோக்கி.

12 வோல்ட் விளக்கு இன்னும் பாதுகாப்பானது. ட்ரான்ஸ்ஃபார்மரை மட்டும் மழை படாத இடத்தில் வையுங்கள். இதில் தூரம் பிரச்னை: 24 வாட் விளக்குகளை 20 மீட்டர் தள்ளி எரித்தால், அதே 1.5 கம்பியில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி விளக்கு மங்கும். 2.5 கம்பி போட்டால் சரியாகும்.

நெசவு ஊர் என்பதால் இன்னொன்று. பக்கத்தில் இருக்கிறதே என்று விசைத்தறி இணைப்பிலிருந்து வீட்டு விளக்குக்கு லைன் இழுக்காதீர்கள். தறிக்குத் தந்த மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது, 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அபராதத்துக்கு உரியது.

ஏற்கெனவே விளக்கு மாட்டிவிட்டவர்கள், மழைக்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். கேட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்றால் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம்; மெயினை அணையுங்கள். தெருக் கம்பத்தில் கோளாறு என்றால் மின்னகம் 94987 94987.