பாதரசம்: சுரங்கத்திலிருந்து மருத்துவமனை வழியாக உங்கள் வீடு வரை

காய்ச்சல் அளக்கும் கண்ணாடி வெப்பமானி இன்றும் பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. அதன் முனையில் மின்னும் வெள்ளி நிறத் திரவமே பாதரசம். மருத்துவமனைகள் இக்கருவியைப் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. இம்மாற்றத்தின் காரணத்தையும், நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

இப்போது என்ன மாறி வருகிறது?

ஜப்பானின் மினமாட்டா நகரில் வேதித் தொழிற்சாலைக் கழிவுநீரில் இருந்த பாதரசம் கடல் மீன்களில் சேர்ந்தது. அம்மீன்களை உண்டோர் கடுமையான நரம்பு நோய்க்கு ஆளாயினர். 1956-இல் அந்நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அந்நகரின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதற்கு ஏற்பளித்தது.

பாதரச வெப்பமானி, இரத்த அழுத்தமானி ஆகியவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-உடன் நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. விண்ணப்பித்த நாடுகளுக்குக் கால நீட்டிப்பு உண்டு. புதிய பாதரசச் சுரங்கங்களையும் அது தடை செய்கிறது. பல் குழிகளை அடைக்கும் பாதரசக் கலவையை 2034-க்குள் கைவிடுவதென 2025 நவம்பரில் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன.

சுரங்கத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன தொடர்பு?

சித்த மருத்துவத்தில் இலிங்கம் என வழங்கும் சிவந்த தாதுவைச் சூடாக்கியே பாதரசம் பெறப்படுகிறது. ஸ்பெயினின் அல்மாடேன், சுலோவீனியாவின் இத்ரியா ஆகிய பழம்பெரும் பாதரசச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. 2012-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

ஆயினும், சுரங்கத் தொழிலில் பாதரசத்தின் பயன்பாடு ஓயவில்லை. 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடி முதல் 2 கோடிப் பேர் வரை சிறு அளவில் கைமுறையாகத் தங்கம் எடுக்கின்றனர். அவர்களுள் பலர் அரைத்த தாதுவில் பாதரசத்தைச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்து, அக்கலவையைத் தீயில் சூடாக்குகின்றனர். பாதரசம் ஆவியாகிறது, தங்கம் எஞ்சுகிறது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு இவ்வாறு வெளியேறுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு கூறுகிறது.

மருத்துவமனையின் பங்கு இதைவிடச் சிறிது. ஒரு வெப்பமானியில் சுமார் 1 கிராம் பாதரசமும், பழைய இரத்த அழுத்தமானியில் 100 கிராமை ஒட்டியும் இருக்கும். எனினும் பாதரசம் ஒரு தனிமம். எரித்தாலும் புதைத்தாலும் அழியாது. எனவே, கருவிகளை மாற்றுவது பாதிப் பணியே. அகற்றிய கருவிகளிலுள்ள பாதரசத்தைப் பாதுகாப்பாகச் சேமிக்காவிடில், அது மீண்டும் விற்பனைக்கும் சுரங்கத்துக்கும் செல்ல வழியுண்டு.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. கொடைக்கானலில் 1983-இல் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு வெளியே கொட்டப்பட்டது தெரியவந்ததும் 2001-இல் மூடப்பட்டது. ஆலை மூடிய பின்னரும் மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நீடித்தது.

உடல்நலத்துக்கு என்ன கேடு?

பாதரச ஆவியைச் சுவாசித்தால் நுரையீரல், நரம்பு மண்டலம், சிறுநீரகம் ஆகியன பாதிக்கப்படலாம். கருவிலுள்ள சிசுவுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆபத்து மிகுதி. நீர்நிலையை அடையும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரு மீன் உண்ணும்போது அதன் செறிவு படிப்படியாகக் கூடுகிறது.

பாலூட்டும் தாய்மாருக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சுறா பிற மீன்களை உண்டு நெடுங்காலம் வாழ்வது; அதில் பாதரசம் மிகுதியாக இருக்கலாம். ஆகவே, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்பது நல்லது. மீன் உணவையே விட்டுவிட வேண்டியதில்லை.

வீட்டில் வெப்பமானி உடைந்தால்

1. குழந்தைகளையும் கருவுற்றோரையும் அறையிலிருந்து அகற்றுங்கள். சன்னல்களைத் திறந்து, அறைக்கதவை மூடுங்கள்.
2. துடைப்பமோ தூசி உறிஞ்சும் கருவியோ பயன்படுத்தாதீர்கள். அவை துளிகளைச் சிதறடித்து, ஆவியாவதை மிகுவிக்கும்.
3. தங்க நகைகளைக் கழற்றிவிட்டுக் கையுறை அணியுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.
4. இரு தடித்த அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து அள்ளுங்கள். எஞ்சிய நுண்துளிகளை ஒட்டுநாடாவால் எடுங்கள்.
5. அனைத்தையும் இறுக மூடும் புட்டியில் இட்டு, மேலே ‘பாதரசம்’ என எழுதுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலோ குப்பையிலோ கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள்.
6. அப்புட்டியை எங்கு ஒப்படைப்பது என அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறியுங்கள்.

வெப்பமானி வாயில் உடைந்தால், வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். விழுங்கிய பாதரசம் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். கண்ணாடித் துண்டு காயப்படுத்தலாம். உடனே மருத்துவரை நாடுங்கள்.

அடிக்கடி எழும் இரு ஐயங்கள்

மின்னணுக் கருவி துல்லியமானதா? தரச்சோதனை செய்யப்பட்ட மின்னணு வெப்பமானியும் இரத்த அழுத்தமானியும் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானவை. மின்கலம் தீரும் நிலையில் இருந்தால் உடனே மாற்றுங்கள். உங்கள் இரத்த அழுத்தமானியின் அளவீட்டை அவ்வப்போது மருத்துவமனை அளவீட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல்லிலுள்ள பழைய அடைப்பை அகற்ற வேண்டுமா? நல்ல நிலையில் உள்ள அடைப்பை அச்சத்தால் அகற்ற வேண்டாம். அகற்றும்போதுதான் ஆவி மிகுதியாக வெளிப்படும். புதிதாக அடைக்க நேர்ந்தால், பாதரசமற்ற பொருளைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நினைவிற்கொள்க: உடையாத பழைய வெப்பமானியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், உறையுடன் வையுங்கள். குப்பையில் எறிவதைவிட, ஒப்படைக்கும் வழி தெரியும் வரை பாதுகாத்து வைப்பதே மேல்.