வண்டி டைரி: குளிரில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் ஜீப்... இன்ஜினை இறக்கும் முன் புகையைப் பாருங்க!

பொங்கல் லீவுக்கு ஊட்டி பக்கத்தில் இருக்கும் கேத்திக்குப் போயிருந்தேன். காலை 5 மணி. புல் மேலெல்லாம் உறைபனி. கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டிய பெரியப்பாவின் பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஜீப், 'கர்ர்... கர்ர்...' என்று சுற்றியதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை.

"ரிங் போயிடுச்சாம். இன்ஜினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும்னு மெக்கானிக் சொல்லிட்டார்" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் செயினை அடகு வைக்கிற பேச்சுவரை போயிருந்தது.

"மதியம் எப்படி பெரியப்பா?"

"மதியம் ஒரே செல்ஃப்ல எடுத்துக்கும்மா. ஏத்தத்துலயும் நல்லா இழுக்கும்."

இந்தப் பதில்தான் எனக்கு இடித்தது. ரிங் தேய்ந்த வண்டி சூடான பிறகும் இழுவை குறையும், ஆயில் குடிக்கும். இது குளிரில் மட்டும் அடம் பிடிக்கிறது. 

ஏன் குளிரில் மட்டும்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரும்பே ஜில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்கு உதவத்தான் பழைய வண்டிகளில் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சுருள் மாதிரி ஒரு லைட் எரியுமே, அதன் வேலைதான்.

வரிசையாகப் பாருங்க

1. செல்ஃப் வேகம்: இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரி. குளிரில் அதன் சக்தி குறையும், ஆயிலும் கெட்டியாகிவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே போனால் பேட்டரியில் சந்தேகம். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பு, லூஸான எர்த் கேபிள் இரண்டையும் பாருங்க.

2. புகை: ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்ஸரைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. ஹீட்டர் பிளக் பக்கம் போங்க. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

3. ஹீட்டர் பிளக்: பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்க. டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைங்க. லைட் எரிந்தால் உயிர் இருக்கிறது. எரியாவிட்டால் பிளக் அவுட். எல்லாம் நன்றாக இருந்தால், ரிலே, ஃபியூஸ், கரன்ட் பிளக் வரை வருகிறதா என்று பாருங்க.

4. டீசல் லைன்: ஹேண்ட் பம்பை நாலு தடவை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் ராத்திரியில் டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடுகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், லூஸான கிளிப் வழியாகக் காற்று நுழைகிறது. மலையில் இதற்கு எளிய சோதனை உண்டு. டேங்க் பின்னால் இருக்கும் வண்டியை, முகம் இறக்கம் பார்க்க நிறுத்துங்க. அப்படி நிறுத்தினால் மட்டும் காலையில் எடுத்தால், சந்தேகம் உறுதி.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்புறமும் எடுக்கவில்லை என்றால்தான் ரிங், வால்வு பேச்சு. அப்போதும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து அளவைக் காட்டச் சொல்லுங்க.

இதையெல்லாம் செய்யாதீங்க

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கக் கூடாது. சூடான பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டனே உடையலாம். இன்ஜின் ஓடாமல் மலைச் சரிவில் உருட்டுவதும் ஆபத்து. பவர் பிரேக் உதவி ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும்.

ஜீப் என்ன ஆச்சு?

செல்ஃப் வேகம் நன்றாக இருந்தது. பின்னால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால், நாலு பிளக்கில் இரண்டு அவுட்! நாலையும் மாற்றினோம். ஒரு பிளக் சில நூறு ரூபாய்தான்.

மறுநாள் காலையும் உறைபனி. பெரியப்பா சாவியைத் திருப்பி, லைட் அணையும்வரை பொறுமையாக இருந்தார். ஒரே செல்ஃப். டீ கொண்டுவந்த பெரியம்மாவின் கழுத்தில் செயின் பத்திரமாக இருந்தது.