உளி பிடித்த கைக்கு எண்ணும் எழுத்தும் வேண்டும்

தமிழ்நாட்டில் கல்வியைப் பற்றி இரண்டு கூச்சல்கள் ஓயாமல் கேட்கின்றன. ஒரு சாரார், "பட்டம் ஒன்றைப் பெற்றுவிட்டால் போதும், பிழைப்புத் தானே வந்து சேரும்" என்கின்றனர். மற்றொரு சாரார், பட்டம் பெற்றும் வேலையின்றித் திரியும் இளைஞரைச் சுட்டிக்காட்டி, "பள்ளியாவது, பாடமாவது! பிள்ளையைப் பட்டறையில் விடுங்கள், கைத்தொழில் ஒன்றிருந்தால் கஞ்சிக்குக் குறைவில்லை" என்கின்றனர். முன்னவர் கையை வெட்டி எறிகின்றனர். பின்னவர் கண்ணைக் குத்துகின்றனர். கையும் கண்ணும் ஓருடம்பின் உறுப்புகள் என்பதை இரு சாராருமே மறந்துவிட்டனர்.

கொத்தனார் ஒருவர் வீட்டின் அடித்தளத்திற்குக் கயிறு பிடிப்பதைப் பார்க்க வேண்டும். மூலையினின்று ஒரு புறம் மூன்றடியும், மறு புறம் நான்கடியும் அளந்து குறியிடுகிறார். இரு குறிகளுக்கும் இடையே ஐந்தடி வந்தால் மூலை நேராயிற்று. வாராவிடின் கயிற்றை நகர்த்துகிறார். அவருடைய மகனோ அதே ஊரில் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் 'பைத்தாகரசு தியரம்' என்று நெட்டுருப் போட்டுக் கொண்டிருக்கிறான். தந்தையின் கயிற்றில் இருப்பதும் தன் ஏட்டில் இருப்பதும் ஒன்றே என்று அவனுக்கு எடுத்துரைப்பார் எவருமிலர். தந்தைக்கோ அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. கட்டட வரைபடமும் மதிப்பீட்டுத் தாளும் ஆங்கிலத்தில் இருப்பதால், நாற்பதாண்டு பட்டறிவுடைய அவர் நேற்று வந்த ஒப்பந்தக்காரரின் சொல்லுக்குக் கைகட்டி நிற்கிறார். மகனுக்கு ஏடு உண்டு, பொருள் இல்லை. தந்தைக்குப் பொருள் உண்டு, ஏடு இல்லை. ஒரே வீட்டில் அறிவு இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது. இப் பிளவைச் செய்தவர் யார்?

தமிழர் மரபில் இப் பிளவு இல்லை. எண்ணும் எழுத்தும் உயிர்வாழ்வார்க்கு இரு கண்கள் என்றார் திருவள்ளுவர். புலவர்க்குக் கண் என்றோ, வேந்தர்க்குக் கண் என்றோ அவர் பிரித்துரைக்கவில்லை. உழுவார்க்கும் நெய்வார்க்கும் கல் தச்சர்க்கும் அவையே கண்கள்.

தமிழரின் கீழ்வாய் இலக்கத்தை எடுத்துக்கொள்க. ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நிலம் அளந்தவனும் நெல் அளந்தவனும் பொன் நிறுத்தவனும் வாய்க்கணக்காகவே இவற்றைப் பெருக்கினர். காரிநாயனாரின் கணக்கதிகாரம், வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் அதன் பரப்புக் கிடைக்கும் என்னும் நெறியைத் தமிழிலேயே சொல்லிற்று. தொழிலுக்கு வேண்டிய கணக்குத் தொழில் செய்வாரின் மொழியிலேயே வழங்கிற்று.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். எண்சுவடி சொல்லி எண்ணறிந்தனர். முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்க்குக் கற்பித்தான். எழும்பூர்க் காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்டுரூ பெல் என்னும் இசுக்காட்லாந்துக்காரர் இந்நாட்டுப் பள்ளிகளில் கண்ட இம் முறைகளைக் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. ஆளுநர் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னைத் தலைமாநிலத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவெனக் காட்டிற்று. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அத் திண்ணையில் எல்லார் மக்களும் அமரவில்லை. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்மக்களுக்கும் அதன் கதவு அடைத்தே கிடந்தது. முறை நன்று, அதன்மேல் ஏறியமர்ந்த குலவேற்றுமை தீது. தமிழர் மீட்க வேண்டியது முன்னதை. புதைக்க வேண்டியது பின்னதை.

பின் வந்தது 1835. மெக்காலேயின் கல்விக் குறிப்பு ஆங்கிலத்தை அறிவின் வாயிலாக நிறுத்திற்று. அன்றுதொட்டுப் படிப்பு என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் என்றால் அலுவலகம் என்றாயிற்று. உளி பிடிப்பவன் படிக்காதவன். படித்தவன் உளி பிடிக்காதவன். இவ் இழிவு தமிழன் நெஞ்சில் இன்றும் நஞ்சாய் ஊறிக் கிடக்கின்றது. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த கணக்கியல் மேதை இராமானுசனுக்கு அக் கல்விமுறை என்ன செய்தது? ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றார் என்று அவருடைய கல்லூரி உதவித்தொகையைப் பறித்தது. அவர் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். உலகின் தலைசிறந்த கணக்கறிஞருள் ஒருவரை அளக்க அம் முறையிடம் இருந்த அளவுகோல் ஆங்கிலக் கட்டுரை!

இதைக் கேட்டதும் மற்றைச் சாரார் துள்ளிக் குதிப்பர். "பார்த்தீர்களா! பள்ளி தேவையில்லை என்பதற்கு இராமானுசனே சான்று. பட்டமின்றி 1937-இல் மின்னியக்கி செய்த கோவைக் கோ. து. நாயுடுவே சான்று" என்பர். அச் சான்று அவர்களுக்கு உதவாது. இராமானுசன் குடந்தை உயர்நிலைப் பள்ளியில் கணக்கில் பரிசு பெற்று வெளிவந்தவர். கணக்கு நூலொன்றைத் தோய்ந்து கற்றே மேலெழுந்தவர். நாயுடு பள்ளியில் அமர்ந்த காலம் சிறிதே. ஆனால் நூல்களை அவர் விட்டாரல்லர், தாமே கற்றார். நெடிய பொறியியற் படிப்பு காலத்தை வீணாக்குகிறது என்று வாதிட்ட அவரே கோவையில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றப் பொருளும் உழைப்பும் தந்தார். அவர் வெறுத்தது வெற்றுப் பட்டத்தை, கல்வியை அன்று.

"கைத்தொழிலே போதும்" என்னும் முழக்கத்தின் உள்ளே கிடக்கும் நச்சுப் பல்லைத் தமிழ்மக்கள் முன்னரே கண்டிருக்கின்றனர். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் படித்தால் போதும்; எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியார் அதனைக் குலக்கல்வி என்று தோலுரித்துக் காட்டினார், நாடே கொதித்தது, 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் குப்பையில் எறிந்தது. எழுபதாண்டு கழித்து, 2023-இல், நடுவணரசு விசுவகருமா என்னும் பெயரால் 18 கைத்தொழில்களுக்கு ஒரு திட்டம் கொணர்ந்தது. குடும்பத் தொழிலென்பது அதன் அடிப்படை. சேர்தற்குரிய அகவை பதினெட்டு. பதினெட்டு என்பது கல்லூரி வாயிலில் கால் வைக்கும் அகவையன்றோ? தமிழ்நாட்டரசு 2024-இல் அதனை அவ்வடிவில் ஏற்க மறுத்தது முறையே.

ஆனால், மறுத்ததோடு கடமை தீர்ந்ததா? இல்லை. குலத்தொழில் வேண்டா என்பது தொழிலே வேண்டா என்பதாகாது. தச்சன் மகன்தான் தச்சு பழக வேண்டும் என்பது கொடுமை. எவன் மகனும் தச்சு பழகக் கூடாது என்பது அறியாமை. ஊர்ப் பெரியவர் மகளும் உழவர் மகனும் ஒரே பலகையில் இழைப்புளி பிடித்துப் பழகட்டும். ஒரே ஏட்டில் பரப்பும் கனவளவும் கணக்கிடட்டும். அங்கே குலமும் சாகும்; சோம்பலும் சாகும்.

இனி, மொழிக்கு வருவோர்க்கு ஒரு வினா. கணக்கு மொழிக்கு அப்பாற்பட்டதாமே! அப்படியாயின், எண்ணைக் கூட்டத் தெரிந்த பிள்ளை, அதே கணக்கைச் சொற்றொடராக எழுதிக் கொடுத்தால் திகைத்து நிற்பதேன்? அவன் தோற்றது எண்ணில் அன்று, எழுத்தில். தமிழில் 'ஐந்தில் இரண்டு' என்கிறோம். முழுமை ஐந்து கூறாயிற்று, அதில் இரண்டு எடுத்தாயிற்று என்று சொல்லே கணக்கைச் செய்து காட்டுகிறது. 'டூ பை பைவ்' என்று கிளிப்பிள்ளைபோல் சொல்லும் தமிழ்க் குழந்தைக்கு அது வெறும் ஓசை. பதினொன்று என்னும் சொல்லில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாய் நிற்கின்றன; 'இலெவன்' என்பதில் அக் குழந்தை எதைக் காணும்?

பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் 2022-இல் தமிழ்நாட்டரசு தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. பெயர் இனிது. ஆயின் எண்ணையும் எழுத்தையும் அடியில் ஊன்றிவிட்டு, மேல்வகுப்பில் ஏறியதும் தாய்மொழியைப் பிடுங்கி எறிந்தால், வேரூன்றிய நாற்றை நீரின்றி விட்டதாகாதா?

"பொறியியலைத் தமிழில் எங்ஙனம் கற்பது?" என்று ஏளனம் செய்வாருக்கு விடை முன்னரே கிடைத்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. வாயில் திறந்தது, உள்ளே விளக்கேற்றுவார் இலர். தக்க நூல்கள் மலிய வேண்டும். அதற்குரிய சொற்கள் அகரமுதலியில் மட்டுமா இருக்கின்றன? மூலைமட்டம், தூக்குக்குண்டு, இழைப்புளி, முழக்கோல், வாரி, மதகு, கலிங்கு என்று பட்டறையிலும் ஏரிக்கரையிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கிப் பாடநூலில் சேர்த்தால் கொத்தனார் தம் மகனின் ஏட்டைப் படிப்பார். மகன் தந்தையின் கயிற்றைப் படிப்பான். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்க எவரும் தடையில்லை. அறிவு முழுதையும் அதன் காலடியில் அடகு வைப்பதே கூடாது.

எனவே, தமிழ்நாட்டுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறை எழுக! பட்டறை ஒவ்வொன்றிலும் தமிழேடு விரிக! எக்குலத்துப் பிள்ளையும் எத்தொழிலும் பழகுக! கணக்கும் அறிவியலும் பொறியியலும் தாய்மொழியில் வழங்குக! வேலை கொடுக்கும் அரசும் ஆலையும் தமிழில் கற்றவனைத் தாழ்த்தாதொழிக! தம் பிள்ளைக்கு ஆங்கிலவழியும் ஊரார் பிள்ளைக்குத் தமிழ்ப்பற்றும் தேடும் தலைவர்கள் முதலில் தம் வீட்டைத் திருத்துக!

கண்ணிழந்த கை பிறர்க்கு ஏவல் செய்யும். கையிழந்த கண் பிறர் வாழ்வைப் பார்த்து ஏங்கும். இரண்டும் உடைய இனமே தன் வீட்டைத் தானே கட்டும். அதன் கணக்கையும் தானே எழுதும்.