குளிர்ந்த புகையும் கொதிக்கும் சொல்லும்

ஒருவன் தீய பழக்கத்தால் கெட்டழிந்தால் நாம் உடனே அவனை நோக்கியே விரலை நீட்டுகிறோம். அப்பழக்கத்தை அவனுக்கு ஊட்டியவர் யார் என்று கேட்பது அரிது. அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களின் வரலாறு, இக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்று நமக்கு உணர்த்துகின்றது.

1950களில் அம்மக்களுள் புகைபிடித்தோரில் பத்தில் ஒருவர்கூட மென்தால் கலந்த சிகரெட்டை விரும்பவில்லை. இன்றோ பத்தில் எட்டுப் பேர் அதையே நாடுகின்றனர். தலைவலித் தைலத்தில் நாம் உணரும் குளிர்ச்சியைத் தருவது இந்த மென்தாலே. இது தொண்டையின் எரிச்சலை மறைக்கின்றது. புகையோ தடையின்றி நெஞ்சுக்குள் இறங்குகின்றது. பழகியபின் விடுவது மேலும் கடினமாகின்றது.

இம்மாற்றம் தானாக வந்ததன்று. கறுப்பின மக்கள் வாசிக்கும் இதழ்களில் விளம்பரங்கள், அவர்கள் குடியிருக்கும் தெருக்களில் பெரும் பலகைகள், இலவசச் சிகரெட்டுகள் என வணிகர்கள் வலை விரித்தனர். அம்மக்களின் உயிரான ஜாஸ் இசையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1970களின் நடுப்பகுதி முதல் ‘கூல்’ என்னும் மென்தால் சிகரெட்டின் பெயராலேயே இசை விழாக்கள் நடந்தன. பாட்டும் தாளமும் சாவுக்குத் தூது சென்றன! புகையிலை நோய்களால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 45,000 கறுப்பின மக்கள் மடிகின்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

எனினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. கறுப்பின மக்களுக்கென்றே ‘அப்டவுன்’ என்னும் சிகரெட்டைப் பிலடெல்பியா நகரில் விற்க ஒரு நிறுவனம் முனைந்தது. திருச்சபைப் போதகர்களும் பொதுமக்களும் ஒன்றுதிரண்டு எதிர்த்தமையால் 1990 சனவரியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. சிகாகோவின் புனித சபீனா பங்கின் தந்தை மைக்கேல் பிளேகர், புகையிலை, மது விளம்பரப் பலகைகள்மேல் வண்ணம் பூசி வழக்கைச் சந்தித்தார். 1991இல் நடுவர் குழு அவரை விடுவித்தது.

அதே சிகாகோவில்தான் 1980களின் நடுப்பகுதியில் மார்க் ஸ்மித் என்னும் கட்டடத் தொழிலாளி கவிதைப் போட்டி மேடையைத் தொடங்கினார். அங்குக் கவிஞன் தாளைப் பார்த்து முணுமுணுப்பதில்லை. எழுந்து நின்று, உடலும் குரலும் ஒன்றாக, நெஞ்சிலுள்ளதை உரைக்கிறான். அவையோரே நடுவர். கறுப்பின மக்களுக்கு இது புதிதன்று. 1968இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தோன்றிய ‘கடைசிக் கவிஞர்கள்’ குழுவினர் முரசொலியுடன் இவ்வாறே முழங்கினர்.

இக்கலையை இன்று கறுப்பின இளைஞர் புகையிலைக்கு எதிராகவும் ஏந்தியுள்ளனர். மருத்துவரின் துண்டறிக்கை செய்ய இயலாததை இவர்களின் சொல் செய்கின்றது. எங்ஙனம்? அது புகைப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அவனுக்கு வலை விரித்தவனை ஏற்றுகின்றது. ‘நீ கெட்டவன்’ என்று கேட்டுச் சலித்த செவி, ‘நீ ஏமாற்றப்பட்டாய்’ என்று கேட்கும்போது திறக்கின்றது. அன்று இறைவாக்கினர் நாத்தானும் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லியன்றோ தாவீது அரசனின் உள்ளத்தைத் திறந்தார்!

கவிதை மட்டுமே நிக்கோட்டினின் பிடியை அறுத்துவிடாது. மருந்தும் மருத்துவ ஆலோசனையும் உற்றாரின் துணையும் வேண்டும். சட்டமும் வேண்டும். 2009ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் பழச்சுவை முதலியன சேர்த்த சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது மென்தாலுக்கு மட்டும் விலக்களித்தது. அதையும் தடைசெய்ய 2022இல் எழுந்த முன்மொழிவு 2025 சனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அம்மேடைக் குரல்கள் ஓய்வதற்கு இன்னும் காலம் வரவில்லை.

அன்புக்குரிய பெற்றோரே, நம் மகனின் சட்டைப்பையில் சிகரெட் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? வசைமாரி பொழிவோம், அவன் வாயை மூடிக்கொள்வான். மூடிய வாயில் புகைக்கு மட்டுமே இடமுண்டு. அவனைப் பேசவிடுவோம், யார் கொடுத்தார், எது அழைத்தது என்று அவன் கூறக் கேட்போம். தன் கட்டினைத் தன் வாயால் உரைப்பவன், அதை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.