ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 30 ரூபாயா?
கூரை மேல் வெயில் வீணாகிறதே!

திருப்பூர் மாவட்டத்தில், நொய்யல் ஆற்றை ஒட்டிய ஊர் சாமளாபுரம். இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது விசைத்தறி. தறி ஓடினால் கூலி. தறி நின்றால் அடுப்பும் அணைந்துவிடும்!

தறியை ஓட்டுவது மின்சாரம். அது வராவிட்டால்?

2012-ம் ஆண்டை மறக்க முடியுமா? தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு. பெரிய பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளித்தன. கூலிக்கு நெய்கிறவர் என்ன செய்வார்? தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

அவரும் ஜெனரேட்டர் வைத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

கறந்த பால் தரையில்!

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. ஜெனரேட்டர் தருவதோ சுமார் 3 யூனிட் மின்சாரம்தான். மீதி எல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. பத்துப் படி பால் கறந்து, ஏழு படியைத் தரையில் ஊற்றுவது போன்றது இது!

டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் 30 ரூபாய் ஆகிறது. கூலி நெசவு இதைத் தாங்குமா?

அந்த எண்ணெயும் நம் ஊர்ச் சரக்கு அல்ல. இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில், 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. 1973-ல் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆயிற்று. எங்கோ நடக்கும் சண்டைக்கு இங்கே தண்டம் கட்டுகிறோம்!

காட்டாமணக்குப் பாடம்

செடியில் இருந்து டீசல் எடுக்கலாம் என்று 2003-க்குப் பிறகு ஒரே பேச்சு. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் காட்டாமணக்கு நட்டார்கள். தண்ணீர் இல்லாமலே செடி வளர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த காய் இல்லை! பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

கொட்டை விளைந்திருந்தாலும், அந்த எண்ணெயை எரிக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு வீண்தானே?

வெயிலுக்கு விலை இல்லை

சூரியத் தகடு, தன் மேல் விழும் வெயிலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. "இது டீசலைவிட மோசம் அல்லவா?" என்று கேட்கலாம். வீணாகும் டீசலுக்குக் காசு கொடுத்தோம். வீணாகும் வெயிலுக்கு யார் காசு கேட்டார்கள்?

ஒரு கிலோவாட் தகடு, நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதை அமைக்க 60,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அது 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். வட்டியும் பராமரிப்பும் சேர்த்தாலும், யூனிட் 6 ரூபாய் அளவில் அடங்கும். ஜெனரேட்டர் செலவில் இது ஐந்தில் ஒரு பங்கு!

இரவில் வெயில் ஏது? உண்மைதான். சேமித்து வைக்க பாட்டரி வாங்கினால் செலவு ஏறும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரவிலும் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. பகலில் சொந்த வெயில், இரவில் மின்வாரியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

யார் கை கொடுப்பது?

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்ததை, 2023-ல் தமிழ்நாடு அரசு 1,000 ஆக உயர்த்தியது. நல்ல உதவி. ஆனால் அதற்கு மேல் ஓடும் தறிக்குக் கட்டணம் உண்டே!

தகட்டுக்கு முதல் பணம்தான் தடை. 60,000 ரூபாயைச் சேர்ந்தாற்போல் எடுத்துவைக்க நெசவாளரால் ஆகாது. மாதா மாதம் மிச்சமாகும் மின்கட்டணத்தைத் தவணையாகக் கட்டும்படி, கூட்டுறவுச் சங்கமும் வங்கியும் குறைந்த வட்டிக்குக் கடன் தரட்டும்.

வீடு கட்டக் கடன் கிடைக்கிறது. வயிற்றுக்குச் சோறு போடும் தறிக்குக் கிடைக்க வேண்டாமா?