மலைமேற் சொன்னது யாருக்கு?

சம்பூர்க் கடற்கரையில் நின்று நோக்கினால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலைக் குன்றுகள் தெரியும். அண்மையில் ஒரு மாலைப்பொழுது அங்கே அமர்ந்திருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். "ஐயா, ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்ட வேண்டும் என்று இயேசுநாதர் போதித்தாராமே, அதை யாருக்குச் சொன்னார்? எங்களுக்குமா?"

வினா சிறிது, அதன் பின்னே நின்ற துயரம் பெரிது. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். முகாம்களில் ஆண்டுகள் பல கழித்து, 2015இலும் 2016இலுமே பலர் தம் காணிகளில் மீண்டும் கால் வைத்தனர். இம்மாணவன் முகாமிலே பிறந்தவன். ஆதலால் ஏதோ ஒரு மறுமொழி கூறி அவனை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

மலைப்பிரசங்கம் எனப்படும் அப்போதனை மத்தேயுவின் நூலில் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களில் அமைந்திருக்கிறது. திரளான மக்களைக் கண்டு இயேசு மலைமேல் ஏறி அமர்ந்தார். சீடர்கள் அருகே வந்தனர். அவர்களுக்கு உபதேசித்தார் என்று அது தொடங்குகிறது. சீடருக்கு மட்டுமே சொன்னது என்பார்க்கு இது சான்று. ஆனால் முடிவிலோ, அப்போதனையைக் கேட்டு வியந்தவர்கள் மக்கள் திரளே என்று கூறப்படுகிறது. மேலும், அதுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்ட சீடர் நால்வரே, நால்வரும் மீன்பிடிப்போர். பன்னிருவரின் பெயர்ப்பட்டியல் 10ஆம் அதிகாரத்திலேதான் வருகிறது. லூக்கா கூறும் முறை வேறு: பன்னிருவரைத் தெரிந்தெடுத்தபின் மலையிலிருந்து இறங்கி, சமவெளியில் நின்று பேசினாராம்.

இந்த வேறுபாட்டின்மேல் உரைகள் பல எழுந்தன. இதிலுள்ள கடினமான கட்டளைகளைத் துறவிகளுக்குரிய அறிவுரைகளாகக் கொள்ளும் வழக்கம் நடுக்கால ஐரோப்பாவில் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அதை மறுத்தார். இது எல்லாக் கிறிஸ்தவரையும் கட்டும். ஆயினும் நீதிபதியாக அமர்ந்தவன் குற்றத்தைக் கண்டிக்காமல் விடலாகாது என்றார். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், இயேசுவின் செய்தி மலைப்பிரசங்கத்திலேயே அடங்கியுள்ளது என்று கொழும்பில் எடுத்துரைத்தார்.

நமக்கு இச்சிக்கல் புதிதன்று. திருக்குறளில் பொறையுடைமை இல்லறவியலில் உள்ளது. இன்னாசெய்யாமையோ துறவறவியலில் உள்ளது. அதனால் இல்லறத்தான் பிறருக்கு இன்னா செய்யலாம் என்று நாம் பொருள் கொள்வதுண்டோ?

இங்கே தமிழ் வாசகன் எளிதிற் காணக்கூடிய நுட்பம் ஒன்று உளது. ஒருமையையும் பன்மையையும் ஒரே சொல்லாற் சுட்டும் இக்கால ஆங்கிலத்தில் அது மறைந்துவிடுகிறது. மூலமாகிய கிரேக்கத்திலும் நம் தமிழ் வேதாகமத்திலும், "உங்களுக்கு" என்று பலரை நோக்கிச் சொல்லிவந்த பேச்சு, கன்னத்தில் அறையும் இடத்தில் "உன்னை" என்று ஒருவனை நோக்கித் திரும்புகிறது. அறிவுரை திரளுக்கு, அறை வாங்கும் இடத்தில் முடிவெடுப்பவன் தனி ஒருவன். அம்முடிவை அவனுக்காக இன்னொருவன் எடுக்க முடியாது.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறு கன்னம் பற்றிய பேச்சு வருமுன், அதே அதிகாரத்தில் வேறொரு கட்டளை வருகிறது. காணிக்கையோடு பலிபீடத்தருகே வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பதே அது. இது குறைக்கு ஆளானவனை நோக்கியது. அறைபட்டவனிடம் பேசுமுன்னரே அவனிடம் பேசியாயிற்று.

ஆகவே அம்மாணவனிடம் நான் இவ்வாறு கூறினேன்: "தம்பி, அது கேட்கும் ஒவ்வொருவனுக்கும் சொன்னது. ஆனால் கேட்டவன் தன்மேல் ஏற்றுக்கொள்ளச் சொன்னதேயன்றி, அடித்தவன் அடிபட்டவனுக்கு எடுத்து ஓதச் சொன்னதன்று. உன்னிடம் வந்து, 'நீ பொறுத்துக்கொள்' என்று பிறர் உபதேசித்தால், அவர்கள் தமக்குரிய பக்கத்தைப் புரட்டாமல் விட்டவர்கள். உன் காணியை முறைப்படி கேட்பது பழிவாங்குதல் ஆகாது. கேட்கும்போது உள்ளத்திற் பகையை வளர்ப்பதா, விடுவதா என்பதுமட்டும் உன் கையில் உள்ளது."

அவன் சற்றுநேரம் குடாவையே நோக்கியிருந்தான். "என் அம்மா அதை எப்போதோ விட்டுவிட்டா, ஐயா. என்னாலேதான் இன்னும் முடியவில்லை" என்றான்.

அவனை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. நானும் கேட்போருள் ஒருவனே.